பர்ஸ்டன் கிராமமும் அதன் பள்ளிக்கூடமும்

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று கேட்ட அன்பர்கள், நம் வட்டாரத்து வரலாற்றையோ நம் தலைவர் ஒருவரின் வாழ்க்கையையோ எதிர்பார்த்திருக்கக்கூடும். நாம் எழுத எடுத்துக்கொண்டதோ கடல் கடந்த ஒரு சிற்றூரின் கதை. அதற்குக் காரணம் உண்டு. அவ்வூரின் ஏழைக் கூலி மக்கள் தமக்கென ஒரு பள்ளியை நிறுவி, அதனைச் சரியாக 25 ஆண்டுகள் நடத்தினார்கள். நாம் எட்டியிருக்கும் அதே எல்லைக்கல் அவர்களுக்கு முடிவுக்கல்லாயிற்று. ஏன் அவ்வாறாயிற்று என்று ஆராய்வது விழாக் கொண்டாடும் நமக்கு மிகவும் வேண்டப்படுவதாகும்.

வெள்ளைக்காரர் என்றவுடன் நம் பாட்டன்மார் கண்முன் தோன்றியவர் யார்? குதிரைமேல் வந்த கலெக்டர் துரை. தேயிலைத் தோட்டத்துத் துரை. பங்களாவில் வீற்றிருந்த துரைசானி. சீமையிலும் சேற்றில் இறங்கி உழைத்தவன் இருந்தான், அவனும் கூலிக்குக் கைகட்டி நின்றான், அவன் பிள்ளையும் பள்ளிக்குப் போகமுடியாமல் வயலில் காக்கை விரட்டினான் என்பதை நம்மவர் அறிய வாய்ப்பில்லாமற் போயிற்று. துரைமாரின் வரலாறே இங்கிலாந்தின் வரலாறு என்று நமக்குக் கற்பிக்கப்பட்டது. அந்நாட்டுக் கிராமம் ஒன்றை உள்ளே புகுந்து பார்த்தால் வேறொரு வரலாறு தெரியவரும்.

நிலமிழந்த மக்கள்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் நார்போக் என்னும் மாவட்டம் உள்ளது. கோதுமையும் பார்லியும் கிழங்கு வகைகளும் விளையும் சமவெளி அது. அதன் தென்கோடியில், டிஸ் என்னும் சிறு நகருக்கு அருகில் அமைந்த சிற்றூரே பர்ஸ்டன். நடுவில் ஊர்ப் பொதுவான பசும்புல் திடல், பக்கத்தில் பழைமையான திருக்கோயில், சுற்றிலும் பண்ணைகள்.

இத்தகைய ஊர்களில் முற்காலத்தில் ஏழைகளுக்கும் பொதுநிலத்தில் உரிமை இருந்தது. மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் அவர்களால் முடிந்தது. 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் ஏறத்தாழ 4000 தனிச்சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றி, அந்நிலங்களுக்கு வேலியிட்டுத் தனியுடைமை ஆக்கியது. சட்டம் இயற்றியவர்கள் நிலக்கிழார்கள். நிலம் பெற்றவர்களும் அவர்களே. ஏழைக்கு எஞ்சியது கூலி ஒன்றே. அவன் குடியிருந்த வீடும் பெரும்பாலும் பண்ணைக்கே உரியது. வேலை போனால் வீடும் போகும். எனவே வாய் திறப்பவன் ஒரே நாளில் குடும்பத்தோடு தெருவில் நிற்க வேண்டியவனானான். 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்திற்குப் பின், பிழைக்க வழியற்றோர் புகக்கூடிய இடம் ஏழையர் விடுதியே. அங்கே கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் தனித்தனியே பிரித்து வைத்தனர்.

ஒரு மனிதரின் வாழ்வைக் கொண்டே இதனை விளக்கலாம். ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்பவர் இதே நார்போக்கில் 1850இல் பிறந்தவர். பசித்த பிள்ளைகளுக்காக வயலிலிருந்து சில கிழங்குகளை எடுத்துவந்த குற்றத்திற்காக அவர் தந்தை சிறை சென்றார். குடும்பம் ஏழையர் விடுதிக்குச் சென்றது. ஆறு வயதில் சிறுவன் ஜார்ஜ் பயிரைத் தின்னவரும் பறவைகளை விரட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டான். பள்ளி வாசலை அவன் மிதித்ததில்லை. மணமான பிறகு மனைவி சார்லட் அம்மையாரே அவருக்கு எழுத்து கற்பித்தார். அவ்வாறு கற்ற அம்மனிதர்தாம் 1906இல் கிழக்கு மாவட்ட விவசாயத் தொழிலாளர் சங்கத்தைத் தோற்றுவித்தவர். 1920இல் பர்ஸ்டன் அடங்கிய தென் நார்போக் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் புகுந்தவர். மனைவி கற்பித்த எழுத்து எத்துணைத் தொலைவு அழைத்துச் சென்றது என்பதை நம் இல்லங்களில் உள்ளோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் வந்தது, பள்ளி வந்ததா?

1870இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1880இல் கல்வி கட்டாயமாயிற்று. 1891இல் பெரும்பாலும் இலவசமாயிற்று. 1884இல் கிராமத்துக் குடித்தனக்காரருள் ஆடவருக்கு வாக்குரிமை கிடைத்தது. 1894இல் சிற்றூர்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றங்கள் அமைந்தன. ஏட்டளவில் இவையனைத்தும் நன்றே. ஆயினும், அறுவடை வந்தால் பண்ணைக்காரருக்குப் பிள்ளைகளின் கை வேண்டும். பள்ளியை மேற்பார்வை செய்யும் குழுவில் இருப்பவர்களும் அப்பண்ணைக்காரர்களே, அல்லது அவர்களோடு விருந்துண்ணும் குருவானவரே. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் முறையிடுவது? சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமை ஊருக்குள் நடந்துவரக் கால் வேண்டும். அக்கால் சங்கம் என்பதைக் கூலி மக்கள் மெல்ல மெல்ல உணர்ந்தனர்.

இருவர் வந்தனர்

டாம் ஹிக்டன் 1869இல் சாமர்செட் மாவட்டத்தில் ஒரு விவசாயக் கூலியின் மகனாகப் பிறந்தவர். அவர் மனைவி ஆனி 1864இல் பிறந்தவர், தகுதிபெற்ற ஆசிரியை. இருவரும் 1896இல் மணந்து, இலண்டனில் ஆசிரியப் பணி செய்து, 1902இல் நார்போக்கிலுள்ள உட் டாலிங் என்னும் சிற்றூர்ப் பள்ளிக்கு வந்தனர். அம்மையார் தலைமையாசிரியை, கணவர் துணையாசிரியர். இருவரும் ஆழ்ந்த கிறித்தவப் பற்றும் சமதர்மக் கொள்கையும் உடையவர்கள். ஈரமும் குளிருமான பள்ளியறைகளைப் பற்றியும், பள்ளி நேரத்தில் சிறுவரை வயலுக்கு இழுத்துச் செல்வதைப் பற்றியும் அவர்கள் ஓயாமல் முறையிட்டனர். மாலை நேரங்களில் டாம் மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்று விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளை நிறுவினார். பள்ளிக் குழுவினருக்கு இது பொறுக்கவில்லை. 1911இன் தொடக்கத்தில் இருவரும் பர்ஸ்டனுக்கு மாற்றப்பட்டனர்.

தண்டனையாக வந்த இட மாற்றம் பர்ஸ்டனுக்குப் பேறாக அமைந்தது. அன்புடன் கற்பித்த ஆசிரியையைப் பிள்ளைகள் விரும்பினர். கால்செருப்பும் மாற்றுடையும் இல்லாத பிள்ளைகளுக்கு அம்மையார் தம் கைப்பணத்தில் வாங்கித் தந்தார்.

அதே 1911இல் அவ்வூருக்குப் புதிய குருவானவராகச் சார்லஸ் டக்கர் ஈலண்ட் வந்து சேர்ந்தார். ஆண்டு வருவாய் ஏறத்தாழ 580 பவுன், பெரிய இல்லம், 54 ஏக்கர் கோயில் மானிய நிலம். கூலிக்காரன் பெற்றதோ வாரம் 14 ஷில்லிங் அல்லது அதனினும் குறைவு. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 36 பவுன் அளவே. பதினாறு குடும்பங்களின் வருவாய் ஒருவர் கையில்! எல்லாரும் ஞாயிறுதோறும் கோயிலுக்கு வந்து தம் சொல் கேட்டு நடக்க வேண்டும் என்று குருவானவர் எதிர்பார்த்தார். ஹிக்டன் தம்பதியரும் கூலி மக்களுள் பலரும் மெதடிஸ்டு வழிபாட்டைச் சேர்ந்தவர்கள்.

1913இல் ஊராட்சி மன்றத் தேர்தல் வந்தது. டாம் ஹிக்டன் எல்லாரினும் மிகுதியான வாக்குகள் பெற்று வென்றார். அவரோடு தொழிலாளர் பலரும் வென்றனர். குருவானவர் கடைசி இடம் பெற்றுத் தோற்றார். தலைமுறை தலைமுறையாகத் தலைகுனிந்தே நின்ற மக்கள் ஒரே நாளில் தலைநிமிர்ந்தனர். வழக்கின் உண்மையான தொடக்கம் இதுவே. இதன்பின் எழுந்த குற்றச்சாட்டுகளை இதனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

நெருப்பு மூட்டிய குற்றம்

ஊராட்சியில் தோற்ற குருவானவர், பள்ளி மேற்பார்வைக் குழுவின் தலைவராக இருந்தார். அவர் துணைவியாரும் அவர்க்கு வேண்டியவர்களும் அக்குழுவில் இடம்பெற்றனர். தலைமையாசிரியைமீது குற்றங்கள் தேடப்பட்டன. நெடுந்தொலைவு நடந்து, மழையில் நனைந்து வந்த பிள்ளைகளின் உடையை உலர்த்துவதற்காகக் குழுவின் அனுமதியின்றிப் பள்ளியில் நெருப்பு மூட்டினார் என்பது ஒன்று. குழுவினரிடம் பணிவின்றி நடந்துகொண்டார் என்பது மற்றொன்று. பர்னார்டோ ஆதரவற்றோர் இல்லத்திலிருந்து அவ்வூரில் வளர்க்கப்பட்ட இரு சிறுமியரை அடித்தார் என்பது மூன்றாவது. அம்மையார் இதனை உறுதியாக மறுத்தார். 1914 பிப்ரவரியில் மாவட்டக் கல்விக் குழு விசாரணை நடத்தி, மேற்பார்வைக் குழுவின் பக்கமே சாய்ந்தது. கணவன் மனைவி இருவரும் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். பள்ளியைச் சேர்ந்த வீட்டையும் அவர்கள் காலி செய்ய வேண்டியதாயிற்று.

குழந்தைகளின் அணிவகுப்பு

1914 ஏப்ரல் 1ஆம் நாள். புதிய ஆசிரியர்கள் பள்ளியில் காத்திருந்தனர். 72 பிள்ளைகளில் 66 பேர் உள்ளே போகவில்லை. 13 வயதுச் சிறுமி வயலட் பாட்டர் முன்னின்று நடத்த, கொடிகளையும், நீதி வேண்டும், எங்கள் ஆசிரியர் எங்களுக்கு வேண்டும் என்னும் பொருள்பட எழுதிய அட்டைகளையும் ஏந்திப் பிள்ளைகள் ஊரைச் சுற்றி அணிவகுத்தனர். தாய்மார் வாசலில் நின்று வாழ்த்தினர்.

ஒரு நாள் விளையாட்டு என்று எண்ணியவர்கள் ஏமாந்தனர். மறுநாள் முதல் புல் திடலிலேயே வகுப்பு தொடங்கிற்று. வீடுகளிலிருந்து நாற்காலி, மேசை, முக்காலி எல்லாம் வந்தன. பின்னர்த் தச்சர் ஒருவரின் பட்டறை பள்ளியாயிற்று. வருகைப் பதிவேடு இருந்தது, பாட அட்டவணை இருந்தது, வாய்ப்பாடு ஒலித்தது. வேலைநிறுத்தம் செய்த பிள்ளைகள் ஒருநாளும் படிப்பை நிறுத்தவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அதிகாரம் அடுத்த அம்பை எய்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று பெற்றோர்மீது வழக்குத் தொடரப்பட்டது. முதலில் 18 பேருக்குத் தலைக்கு 2½ ஷில்லிங் அபராதம். அடுத்து 32 பேருக்குத் தலைக்கு 5 ஷில்லிங். வாரம் 14 ஷில்லிங் வாங்குபவனுக்கு 5 ஷில்லிங் என்பது இரண்டு நாள் அடுப்பு எரியாமை. ஆனால் அபராதத் தொகை ஆதரவாளர் திரட்டிய நிதியிலிருந்து கட்டப்பட்டது. மேலும், சட்டம் கேட்டது பிள்ளைக்குக் கல்வி தரப்படுகிறதா என்பதையே அன்றி, இன்ன பள்ளியில்தான் தரவேண்டும் என்பதை அன்று. பட்டறைப் பள்ளி முறையாக நடந்ததால் வழக்குகள் நின்றுபோயின. பதிவேட்டை ஒழுங்காக வைத்திருந்த அக்கறையே கேடயமாயிற்று. சங்கம் நடத்துவோர் இதனைக் குறித்துக்கொள்வார்களாக.

குருவானவர் தம் மானிய நிலத்தைக் குத்தகைக்கு உழுதுவந்த ஏழைகளில், போராட்டத்தை ஆதரித்தோரை நிலத்திலிருந்து வெளியேற்றினார். மக்களோ கோயிலுக்குப் போவதை விட்டுத் திடலிலேயே வழிபாடு நடத்தினர். மெதடிஸ்டு உபதேசியார் ஒருவர் அங்கே நின்று பேசினார்.

கல்லில் எழுதிய பெயர்கள்

செய்தி நாடெங்கும் பரவிற்று. சுரங்கத் தொழிலாளரும் இரயில்வே தொழிலாளரும் கூட்டுறவுச் சங்கத்தாரும் சமதர்மக் கிளைகளும் சிறுசிறு தொகைகளாக அனுப்பினர். ஜார்ஜ் லான்ஸ்பரி, சில்வியா பாங்கர்ஸ்ட் போன்றோர் ஆதரவு தந்தனர். உலகப் போர் நடந்துகொண்டிருந்த அக்காலத்திலேயே பர்ஸ்டன் திடலின் ஓரத்தில் புதிய பள்ளிக் கட்டடம் எழுந்தது. 1917 மே 13ஆம் நாள், அணிவகுப்பை நடத்திய அதே வயலட் பாட்டர் அதனைத் திறந்துவைத்தார். நிதி தந்த சங்கங்களின் பெயர்கள் முகப்புச் சுவரின் கற்களில் பொறிக்கப்பட்டன. ஒரு பெருஞ்செல்வரின் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளிகள் பல. எத்தனையோ உழைப்பாளர் கிளைகளின் பெயர்களைத் தாங்கி நிற்கும் பள்ளி இது.

அந்த மே மாதத்தில் இங்கிலாந்தில் நம்மவர் ஒருவர் இருந்தார். இலண்டன் பொருளியற் கல்லூரியில் 1916இல் சேர்ந்து பயின்றுகொண்டிருந்த அண்ணல் அம்பேத்கரே அவர். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் அவ்வாண்டிலேயே படிப்பை இடையில் விட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. பர்ஸ்டன் பள்ளியை அவர் அறிந்திருந்தார் என்று நாம் சொல்லவரவில்லை. ஆயினும் கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர் என்னும் மூன்று கட்டளைகளும் 1883இலேயே இங்கிலாந்தின் சமதர்ம அமைப்பொன்றின் உறுப்பினர் அட்டையில் இடம்பெற்றவை. அந்நாட்டு உழைப்பாளர் வழங்கிய அச்சொற்களை, 1942இல் நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்டோர் முன்னிலையில் அண்ணல் முழங்கியபோது, அவை நம் சொற்களாயின. ஒடுக்கப்பட்டோரின் கருத்துகள் கடல் கடக்கக் கப்பல் கூலி கேட்பதில்லை.

ஒப்புமையும் வேற்றுமையும்

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். பர்ஸ்டன் மக்களின் துயரும் நம் துயரும் ஒன்றே என்று சொல்லிவிடுவது உண்மையாகாது. அவர்கள் ஏழைகள், ஆனால் தீண்டப்படாதவர்கள் அல்லர். ஊர்க் கிணற்றில் நீர் மொள்ள அவர்களுக்குத் தடையில்லை. கோயிலில் பின்வரிசை கிடைத்தது. நமக்கோ வாசலே கிடைக்கவில்லை. ஊரைவிட்டு நகரம் சென்ற கூலியின் மகனைப் பிறப்பு பின்தொடர்ந்து சென்று பெயர் கேட்கவில்லை. நம்மை அது கல்லூரி விடுதிவரையும், அலுவலகம்வரையும், சுடுகாடுவரையும் தொடர்ந்து வந்தது. மேலும், அந்நாடே அன்று நம் நாட்டை ஆண்டுகொண்டிருந்தது என்பதையும் மறப்பதற்கில்லை.

எனினும் பள்ளிக்கூட வாசலில் நிகழ்வது எங்கும் ஒன்றே. ஏழையின் பிள்ளை எழுத்தறிந்தால் கணக்குக் கேட்பான். கணக்குக் கேட்டால் கூலி கேட்பான். கூலி கேட்டால் ஓட்டும் கேட்பான். நார்போக்கின் நிலக்கிழார் அஞ்சியதும் இதற்கே. நம் ஊர் மிராசுதார் அஞ்சியதும் இதற்கே. நனைந்த உடையை உலர்த்த மூட்டிய சிறு நெருப்பு குற்றமாகத் தோன்றியது இதனாலேதான்.

25 ஆண்டுகளுக்குப் பின்

நீக்கப்பட்ட ஆசிரியர்களுக்கு அவர்களுடைய பழைய வேலை கிடைக்கவேயில்லை. ஈலண்ட் 1920இல் பர்ஸ்டனை விட்டுப் போனார். போராட்டப் பள்ளியோ தொடர்ந்து நடந்தது. முதலில் படித்தவர்களின் தம்பி தங்கையரும் அங்கே படித்தனர். டாம் ஹிக்டன் தம் சங்கப் பணியையும் விடவில்லை. ஆண்டுகள் உருண்டன. ஆசிரியர் இருவரும் முதுமை எய்தினர். 1939 ஆகஸ்டில் டாம் காலமானார். எழுபத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த ஆனி அம்மையாரால் தனியே நடத்த முடியவில்லை. எஞ்சியிருந்த 11 பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர்க்கப்பட்டனர். 1914 முதல் 1939 வரை 25 ஆண்டுகள் நடந்த பள்ளியின் கதவு மூடப்பட்டது. அம்மையார் 1946இல் மறைந்தார். பர்ஸ்டன் கோயில் தோட்டத்தில் கணவரும் மனைவியும் அருகருகே துயில்கின்றனர்.

அக்கட்டடம் இன்று அருங்காட்சியகமாகப் பாதுகாக்கப்படுகிறது. 1984 முதல் செப்டம்பர் மாதத்து முதல் ஞாயிறன்று தொழிலாளர் அங்கே கூடி, பிள்ளைகள் நடந்த வழியே நடப்பதை வழக்கமாக்கினர். பிரிட்டனின் வரலாற்றிலேயே மிக நீண்ட வேலைநிறுத்தம் என்று அதனைப் போற்றுகின்றனர்.

போற்றுதற்குரியதே. ஆனால் வெள்ளி விழாக் காணும் நாம் ஒரு கேள்வியைக் கேட்காமல் இருக்கமுடியாது. பள்ளி ஏன் நின்றது? பகைவர் மூடவில்லை, அவர் போய்ப் பல்லாண்டுகள் ஆயின. பணம் இல்லாமல் மட்டும் நிற்கவில்லை; கட்டடம் கல்லாகவே நின்றது. இருவர் தோளில் நின்ற பள்ளி, அவ்விருவரில் ஒருவர் சாய்ந்ததும் சாய்ந்தது. அங்கே படித்து வளர்ந்தோர் நூல் கற்றனர், நீதி கற்றனர், அஞ்சாமை கற்றனர். ஆனால் ஆசிரியரின் நாற்காலியில் அமர அவர்களுள் ஒருவர் அணியமாகவில்லை. இதனைக் குறையாகச் சொல்லவில்லை; படிப்பினையாகச் சொல்கிறோம்.

நம் சங்கத்தின் பதிவேடுகளைப் புரட்டுவோம். இரவுப் பாடசாலையில் விளக்கேற்றியவர்கள், வீடு வீடாகப் பிடியரிசி திரட்டியவர்கள், விடுதிப் பிள்ளைகளுக்குத் தாயும் தந்தையுமாக நின்றவர்கள் எல்லாரும் நரைத்துவிட்டனர். சிலர் மறைந்துவிட்டனர். நம்மால் படித்தவர்கள் பட்டம் பெற்றனர், பதவி பெற்றனர், நகரங்களில் வீடு கட்டினர். நல்லது, அதற்காகவே சங்கம் தோன்றியது. ஆனால் பொதுக்குழு கூடும் நாளில் முன்வரிசையில் நாம் காண்பவை அதே பழைய முகங்களே அல்லவா?

இளைஞர்களே! பர்ஸ்டனில் அணிவகுப்பை நடத்தியவள் 13 வயதுச் சிறுமி. அவளுக்கு யாரும் பதவி தரவில்லை; அவளே முன்வந்தாள். விழா முடிந்து பந்தல் பிரிக்கும் மறுநாள், மாலை வகுப்பில் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லித்தர ஒருவர் வரட்டும். வரவு செலவு ஏட்டை எழுதக் கற்றுக்கொள்ள மற்றொருவர் வரட்டும். உதவித்தொகை விண்ணப்பங்களை நிரப்பித்தர இன்னொருவர் வரட்டும். பெரியவர்கள் தாமே அழைத்துப் பக்கத்தில் இடம் தரட்டும்.

பர்ஸ்டன் பள்ளியின் 25ஆம் ஆண்டில் கதவு சாத்தப்பட்டது. நம் பள்ளியின் 26ஆம் ஆண்டின் முதல் நாள் காலை, கதவைத் திறக்கும் சாவி ஓர் இளங்கையில் இருக்குமானால், இவ்விழா பொருளுடைய விழாவாகும்.